கட்டடங்களின் கரிக்கடன்

நகரங்களில் நாளும் எழும்புகின்ற அடுக்ககங்களை வளர்ச்சியின் அடையாளமென்று பெருமிதத்தோடு சுட்டிக் காட்டுகின்றோம். ஒரு வீட்டிற்குச் செலவு எவ்வளவு ஆகுமென்று கேட்கத் தெரிந்த நமக்கு, அது வானில் எவ்வளவு கரிவளியைக் கலக்குமென்று கேட்கத் தோன்றுவதில்லை. கேட்பார் இன்மையாற்றான் அக்கடன் ஏட்டில் ஏறாமலே பெருகுகின்றது.

அக்கணக்கு, அறிஞர்க்கு மட்டுமே விளங்கும் மறைபொருளன்று. பைஞ்சுதையின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்ச, 44 கிலோ கரிவளியாகப் பிரிந்து போகும். சூளைக்கு இடும் எரிபொருளின் புகை இதற்கு வேறு.

1,000 சதுர அடிக் கற்காரை வீட்டிற்கு ஏறத்தாழ 400 மூட்டை, அஃதாவது 20 டன் பைஞ்சுதையும், 4 டன் எஃகுக் கம்பியும் ஆகுமென்பது கொத்தனாரும் அறிந்த கைக்கணக்கு. கலப்பில்லாப் பைஞ்சுதைக்கு டன்னுக்கு 0.8 டன் என்றும், எஃகுக்கு டன்னுக்கு 2 டன் என்றும் குறைத்தே கொண்டாலும், 16-உம் 8-உமாக 24 டன் கரிவளி. செங்கல்லும் கண்ணாடியும் அவற்றை ஏற்றிவரும் சரக்குந்துகளும் இன்னும் இக்கணக்கில் வரவில்லை.

நிலக்கரியையே மிகுதியும் நம்பியுள்ள இந்திய மின்தொகுப்பில் ஓரலகு மின்னாற்றலுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரிவளி வெளியாகின்றது. ஆண்டுக்கு 3,000 அலகு செலவிடும் இல்லத்திற்கு அது 2.1 டன். ஆகவே, விளக்கேற்றிக் குடிபுகும் முன்னரே அவ்வீடு பதினோராண்டு மின்செலவுக்கு ஈடான கரிக்கடனைச் சுமந்து நிற்கின்றது!

நம் முன்னோர் சுண்ணச் சாந்தால் கட்டினர். சுண்ணமும் சுடுங்கால் கரிவளி விடுவதே. ஆயினும், சுவரில் இறுகுங்கால் கல்லினின்று பிரிந்த அவ்வளியில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக் கொள்ளும். அதற்காக அடுக்ககங்களையெல்லாம் சுண்ணத்தால் கட்டுக என்கின்றோமில்லை. கணக்கிட்டால் குறைக்கும் வழியும் புலப்படும் என்கின்றோம். அனல்மின் நிலைய உலைச்சாம்பல் கலந்த பைஞ்சுதை, தேவைக்கு மிஞ்சாத கம்பி, வெயிலை உள்வாங்காத சுவர், இடிக்காமல் செப்பனிடப்பெறும் பழைய கட்டடம் ஆகிய ஒவ்வொன்றும் கடனைக் குறைப்பதே.

1953-இல் கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரை மீட்கத் தமிழர் தண்டவாளத்தில் படுத்தனர். அப்பெயரை மறைத்திருந்தது பைஞ்சுதை ஆலை முதலாளியின் பெயர். பெயரை மீட்டோம், அம்மண்ணில் வெட்டிச் சுடும் கல்லின் கணக்கை இன்னும் கேட்டோமில்லை.

எனவே, கட்டட இசைவு கோரி வரைபடம் தருவோர் கரிக்கணக்கையும் உடன் இணைத்துத் தருதல் வேண்டும். பெருங்கட்டடங்களிலிருந்தேனும் அதனைத் தொடங்குக. அக்கணக்குப் படிவம் கட்டுவோனும் கொத்தனாரும் படித்துணரும் நல்ல தமிழில் அமைதல் வேண்டும். அயன்மொழியில் எழுதப்பெறும் கணக்கு, கடன்படுவோன் கண்ணுக்குத் தெரியாத கணக்கேயாகும். தமிழ்மண்ணைக் காப்போமென்று சூளுரைக்கும் நாம், முதலில் நம் வீட்டுக் கணக்கைத் தமிழில் எழுதத் தொடங்குவோமாக!