பூட்டும் வேண்டும், கட்டிலும் வேண்டும்!

தோழர்களே! மதுக்கடைகளை மூடு என்று முழங்குகிறோம், மறியல் செய்கிறோம், சிறையும் ஏகுகிறோம். அந்த முழக்கத்தில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும், கடை மூடிய மறுநாள் குடிநோயாளியின் குடிசையில் என்ன நிகழும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

எண்ணிப் பார்க்க வைத்தது 2020ஆம் ஆண்டு. மார்ச்சுத் திங்கள் இறுதியில் கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்தது, மதுக்கடைகளும் அடைபட்டன. நன்று நடந்தது என்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் கேரளத்தில் மது கிடைக்காமல் தற்கொலை செய்துகொண்டோர் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மருத்துவர் சீட்டுடன் வருவோர்க்கு மது வழங்கலாம் என அம்மாநில அரசு ஆணையிட்டது. மது மருந்தாகாது என்று மருத்துவர்கள் போர்க்கொடி உயர்த்தினர். ஏப்ரல் 2ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலோ, சவரம் செய்தபின் பூசும் நீர்மத்தைக் குடித்து மீனவர் மூவர் மாண்டனர்.

ஏன் இந்த அவலம்? மனவுறுதி இல்லாத மாந்தர் என்று ஏளனம் பேசுவது எளிது. ஏளனம் எந்த நோயைத் தீர்த்தது?

மது, மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். நாள்தோறும் அது வந்து அழுத்துவதால், மூளை தன் துடிப்பைக் கூட்டி எதிர்த்து நிற்கப் பழகுகிறது. முன்பு ஒரு குவளையில் வந்த மயக்கம், பின்னர் மூன்று குவளையிலும் வராததன் காரணம் இதுவே. அழுத்தம் திடீரென அகன்றால், கூட்டிய துடிப்பு கட்டறுத்துப் பாய்கிறது. குடித்து 6 மணி நேரம் கழிந்ததும் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை. இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு. அதன்பின் மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சலும், இல்லாத பூச்சிகள் ஊர்வதாகக் காணும் சித்தக் கலக்கமும். கவனியாது விட்டால் உயிரே போகும்.

போதைப் பொருள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அபினும் எராயினும் உட்கொண்டவனின் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சுத் தளரும், அளவு மீறினால் மூச்சே நிற்கும். நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. வதை பெரிது, சாவு அரிது. கொக்கெயின் போன்றவை நாடியை விரட்டிக் கண்மணியை விரிக்கும். நிறுத்தினால் சோர்வும் துயரும் சூழும். கஞ்சா கண்ணைச் சிவக்க வைத்துப் புலன்களை மயக்கும். நிறுத்தினால் எரிச்சலும் உறக்கக்கேடும். சட்டம் அனுமதித்த மதுவும் தூக்க மாத்திரையுமே, நெடுநாள் பழகியபின் திடுமென நிறுத்தினால் உயிருக்கு உலை வைப்பவை!

"குடிகாரனுக்கு அரசுச் செலவில் கட்டிலா?" என்று கேட்போர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கேடுகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. நோய் என்று சட்டமே சொன்னபின், சிகிச்சை சலுகையன்று, உரிமை. மேலும், தமிழகத்தில் மதுவை விற்பது யார்? அரசின் நிறுவனம். விற்ற கைக்கு, வீழ்ந்தவனைத் தூக்கும் கடமை இல்லையா?

நிலைமை என்ன? 2019இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானோருள் ஏறத்தாழ 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றவர். செல்வர்க்குத் தனியார் மருத்துவமனை இருக்கிறது. கூலி உழைப்பாளிக்கோ பூட்டிய அறையும் தூணில் கட்டிய கயிறும்!

கேட்பது பெரிதன்று. டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைப்பது, பி1 உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றுவது, நடுக்கம் தணிந்தபின் மீண்டும் வீழாதிருக்க மாதக்கணக்கில் துணைநின்று அறிவுரை தருவது — இவ்வளவே. வட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் இதற்கெனக் கட்டில்கள் வேண்டும் என்பதை நம் தீர்மானங்களில் சேர்ப்போம்.

அதுவரை கிளைத் தோழர்க்கு ஒரு பணி உண்டு. உங்கள் தெருவில் குடியை விட்டவன் நடுங்கினால், நகைக்காதீர், அறையில் அடைக்காதீர், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைக்குப் பூட்டுக் கேட்கும் நாம், அவனுக்குக் கட்டிலும் கேட்போம். இரண்டும் சேர்ந்ததே மெய்யான மதுவிலக்கு!