அமானிதமும் கணிப்பொறியும்

அரபு மொழியிலிருந்து வந்து, தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் உரிமையோடு குடியேறிவிட்ட சொற்களுள் ‘அமானிதம்’ என்பதும் ஒன்று. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அது குறிக்கும். பொருளை மட்டுமா? காதோடு சொன்ன செய்தியும் அமானிதம். ஏற்றுக்கொண்ட பதவியும் அமானிதம். பத்திரம் எழுதாமல், சாட்சி வைக்காமல், நகையை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட தலைமுறையை நம் பெரியோர்கள் கண்டிருக்கிறார்கள்.

இன்று நாம் அவர்களைக் காட்டிலும் மிகுதியாக அமானிதம் ஒப்படைத்து வருகிறோம். கைரேகை, கண்ணின் கருவிழி, வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, பிள்ளைகளின் நிழற்படம் ஆகிய யாவற்றையும் ஒப்படைத்திருக்கிறோம். யாரிடம் என்று கேட்டால், “கைப்பேசியில் இருக்கிறது” என்கிறோம். கைப்பேசி ஒரு பொருள். பொருளிடத்தில் அமானிதம் ஒப்படைக்க இயலாது, மனிதனிடத்தில்தான் இயலும். அந்த மனிதன் யார், நாளை அவனை எங்கே கண்டு கேட்பது என்பதை அறியாமலே நாம் ஒப்படைத்துக் கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

கணிப்பொறியை வெறுத்து எழுதப்படும் கட்டுரை அன்று இது. 2016ஆம் ஆண்டில் வந்த யு.பி.ஐ. முறை, சில்லறைக்கு அலைந்த தேநீர்க் கடைக்காரருக்கும் பூ விற்கும் பெண்ணுக்கும் பெரும் உதவி செய்திருக்கிறது. ஆனால் அந்தத் தேநீர்க் கடையில் ஒரு சிறு ஒலிப்பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பணம் வந்து சேர்ந்ததும் அது தொகையை உரக்கச் சொல்லும். அது ஏன் தேவைப்பட்டது? பணம் செலுத்தியதாகப் பொய்யான திரைப்படத்தைக் காட்டிவிட்டு நடந்துபோகும் வாடிக்கையாளர்கள் தோன்றியதால்தான். வாடிக்கையாளரின் சொல்லை நம்பிய இடத்தில் இப்போது பெட்டியின் குரலை நம்புகிறோம். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நபித்துவத்திற்கு முன்பே மக்கத்து மக்கள் ‘அல்அமீன்’ என்று அழைத்தனர். பின்னர் அவர்களைப் பகைத்த காலத்திலும், அம்மக்கள் தம் பொருள்களை அவர்களிடமே கொடுத்து வைத்திருந்தனர். கி.பி. 622இல் மதீனாவுக்குப் புறப்பட்ட இரவில், அப்பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் என்பது வரலாறு. கொல்ல வந்த கூட்டத்தாரின் பொருளுக்கும் கணக்கு உண்டு!

இத்தகைய நம்பிக்கையைப் போற்றுகின்ற அதே மார்க்கம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளவும் சாட்சிகளை அமைத்துக்கொள்ளவும் விரிவாகக் கட்டளையிடுகிறது. திருமறையின் மிக நீண்ட வசனமாகிய இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் இதைப் பற்றியதே. சிறு கடனாயினும் எழுதுவதில் சோர்வு கொள்ளலாகாது என்பதும், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக்கூடாது என்பதும் அதன் கருத்துகள். எழுத்து, நம்பிக்கைக்குப் பகை அன்று, காவல். வள்ளுவரும் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தின் முடிவில், ஆராயாமல் நம்புவதும் நம்பிய பின் ஐயுறுவதும் தீராத துன்பமே என்றார். முதற்பாதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று இங்கிலாந்தில் உண்டு.

பிரிட்டனின் அஞ்சல் நிலையங்களில் பெரும்பாலானவை தனியார் நடத்தும் சிறு கிளைகள். மளிகைக் கடையின் ஓரத்தில் அஞ்சல் முகப்பு ஒன்று இருக்கும். ஊராரின் ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் கையாளும் அந்த நிலையப் பொறுப்பாளர், ஊரில் மதிப்புக்குரியவர். இந்திய வழியினர் பலரும் இத்தொழிலில் இருந்தனர். 1999 முதல் அங்கு ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. ஃபுஜிட்ஸு நிறுவனம் அமைத்தது. அதில் பிழைகள் இருந்தன. கையில் உள்ள பணம் ஒன்றாக இருக்க, திரையில் தெரிந்த கணக்கு வேறாக இருந்தது. குறைந்த தொகையைப் பொறுப்பாளரே ஈடுசெய்ய வேண்டும் என்பது நிருவாகத்தின் நிலை. சேமிப்பையும் வீட்டையும் இழந்து கட்டினவர்கள் பலர். கட்ட இயலாதவர்கள் மீது திருட்டுக் குற்றமும் பொய்க்கணக்குக் குற்றமும் சாட்டப்பட்டன. 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றனர். கருவுற்றிருந்த பெண்ணொருவர் 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். குறைந்தது 13 பேர் இதனால் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025இல் விசாரணைக் குழுவின் அறிக்கை கூறிற்று.

இயந்திரம் பிழை செய்தது பெரிதன்று. மனிதன் செய்த எதில்தான் பிழை இல்லை? உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம், “உங்களுக்கு மட்டுந்தான் இப்படி, வேறு எவருக்கும் இல்லை” என்று சொல்லப்பட்டதே, அதுதான் பெரிது. பலரும் தனித்தனியே அதே பதிலைக் கேட்டனர். கிளைகளின் கணக்கினுள் வெளியிலிருந்தே நுழைந்து மாற்ற இயலும் என்னும் உண்மையையும் நிருவாகம் நெடுங்காலம் மறுத்தது. நீதிமன்றங்களும், மறுப்பதற்குச் சான்று இல்லாதவரை கணிப்பொறி சரியாகவே இயங்கியதாகக் கொள்ளும் சட்ட விதியின்படி தீர்ப்பளித்தன. தன் ஊரில் முப்பது ஆண்டு நாணயமாக வாழ்ந்தவரின் சொல்லுக்கு அந்த மதிப்பு இல்லை.

ஆலன் பேட்ஸ் என்னும் முன்னாள் பொறுப்பாளர் பல்லாண்டு போராடி, 555 பேரைத் திரட்டி வழக்குத் தொடுத்தார். 2019இல் நீதிபதி ஃபிரேசர், அந்த முறையில் பிழைகள் இருந்ததை உறுதிப்படுத்தினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. மற்றவர்களுக்காக 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அதற்குள் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

இதை அயல்நாட்டுக் கதையாகப் படித்து மடித்து வைத்துவிடலாகாது. பங்கீட்டுக் கடையில் கைரேகை பொருந்தவில்லை என்று நிற்கும் முதியவரிடம், “மெஷின் எடுக்கவில்லை” என்று சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுமானால், அங்கும் அதே நோய் இருக்கிறது. காய்ப்பு ஏறிய உழைப்பாளியின் விரல் பொய் சொல்வதில்லை. காவல்துறை உடை அணிந்து காணொளியில் தோன்றி, “டிஜிட்டல் கைது” என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு ஓய்வுபெற்ற அலுவலர்களும் பேராசிரியர்களும் இரையாவதும் திரைக்கு அஞ்சுகின்ற இந்தப் பழக்கத்தினால்தான். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது.

தலைமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியோர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. பள்ளிவாசலிலோ சங்கத்திலோ கணக்குக் கேட்கும் இளைஞனிடம், “என்னை நம்பவில்லையா?” என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, “எல்லாருக்கும் ஒரு துண்டுத் துணி கிடைத்தது, உங்கள் உடைக்கு இரண்டு துண்டு எப்படி வந்தது?” என்று ஒருவர் எழுந்து கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. கலீஃபா சினக்கவில்லை. தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்தார்கள். அவர் தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாகச் சொன்னார். கேட்டவர் அமர்ந்தார். ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவை வாசித்தோ, அறிவிப்புப் பலகையில் ஒட்டியோ வந்த ஊர்களின் முன்னோர்கள் இதைப் புரிந்திருந்தார்கள். இன்று அதே கணக்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுவது எளிது. ஆனால் குழுவில் எவரும் மறுமொழி எழுத இயலாதவாறு பூட்டு இட்டுவிட்டு அனுப்பினால் அது கணக்குக் காட்டுதல் ஆகாது, விளம்பரம்.

இந்த மலரைக் கையில் ஏந்தும் மாணவர்களுள் பலர் நாளை சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் கணினி நிறுவனங்களில் அமர்வீர்கள். தமிழ் பயின்றவர்களும் அங்குச் செல்கிறார்கள், செல்லட்டும், மகிழ்ச்சியே. நீங்கள் அமைத்த முறையில் கணக்கு ஒத்துவரவில்லை என்று, பெயர் அறியாத ஊரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். அவருடைய ஆங்கிலம் தடுமாறலாம். குரலில் பதற்றம் இருக்கலாம். உங்கள் திரையோ எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்பு, இதே குறையை இதற்கு முன் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பார்த்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.