பரிமாற்றுப் பண்பு என்ன பாவம் செய்தது?

"கணக்கைத் தமிழ்ல படிச்சா மண்டை காயுதுங்க. பரிமாற்றுப் பண்பு, பங்கீட்டுப் பண்பு... யாருக்குப் புரியும்? கம்யூட்டேட்டிவ்னு சொல்லிட்டுப் போகலாமே!"

தமிழ்வழியில் படித்து மேலே வந்தவர்களே இதைச் சொல்லும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. கம்யூட்டேட்டிவ் என்பது மட்டும் நம் வீட்டில் புழங்கும் சொல்லா? பரிமாற்றம் என்றால் இடம் மாற்றிக்கொள்வது. பங்கீடு என்றால் என்னவென்று ரேஷன் கடை வரிசையில் நின்ற பிள்ளைக்குத் தெரியும். மாறுவது மாறி, மாறாதது மாறிலி. ஐந்து எக்ஸ் என்னும்போது எக்ஸோடு ஒட்டி நிற்கும் 5-க்குக் கெழு என்று பெயர். குறள் நெருங்கிய நட்பின் உரிமையைக் கெழுதகைமை என்கிறதே, அதே கெழுதான். இதைவிடச் சொல் எப்படிப் பேச வேண்டும்?

சிக்கல் சொல்லில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. 3 + 5 = 5 + 3, இது பரிமாற்றுப் பண்பு, எழுதிக்கோ, ரெண்டு மார்க். "அதான் தெரியுமே சார், இதுக்கு எதுக்குப் பேரு?" என்று ஒரு பையன் கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் என்ன வருகிறது? "போர்ஷன் முடிக்கணும், உட்காருடா."

உண்மையான பதில் வரலாற்றில் இருக்கிறது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பெயரே இல்லாமல் எண்களை இடம் மாற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பரிமாற்று, பங்கீட்டு என்ற பெயர்களைப் பிரெஞ்சுக்காரரான செர்வுவா வைத்தது 1814-இல்தான். எண்களைத் தாண்டிச் சார்புகளின்மீது செயலிகளை ஓட்டிப் பார்த்த காலம் அது. எல்லாச் செயலும் அந்த விதிக்குக் கட்டுப்படாது என்று தெரிந்தபோதுதான் கட்டுப்படுவதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. 1843-இல் ஹாமில்டன் கண்டுபிடித்த குவாட்டர்னியன்களில், பெருக்கும் வரிசையை மாற்றினால் விடையே மாறலாம்.

அதாவது, உடையக்கூடியது என்பதால்தான் அதற்குப் பெயர். நாம் உடையாத இடத்தை மட்டும் காட்டுகிறோம். கழித்தலுக்கு இது பொருந்தாது என்று புத்தகத்தில் வரும் ஒரு வரியை ஓடித் தாண்டுகிறோம். கல்லைக் காயவைத்து மாவை ஊற்றினால் தோசை. மாவை ஊற்றிவிட்டுக் கல்லைக் காயவைத்தால்? இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். (8 − 4) − 2 என்றால் 2, 8 − (4 − 2) என்றால் 6. சேர்ப்புப் பண்பு இல்லாத இடம் இதுதான் என்று காட்ட இன்னொரு நிமிடம்.

இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு விலை பிறகு வருகிறது. (3 + 4)-இன் வர்க்கம் 9 + 16, ஆக 25 என்று எழுதுகிறாள் ஒரு பெண். சரியான விடை 49. அவள் முட்டாள் இல்லை. பெருக்கலுக்கு உரிய பங்கீட்டை வர்க்கத்துக்கும் கொடுத்துவிட்டாள். எல்லை எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நாம் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகிறோம். அவள் "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டுகிறாள். பத்தாம் வகுப்பில் அணிப் பெருக்கல் வந்து பரிமாற்றுப் பண்பு நிஜமாகவே உடையும்போது, அவள் கேட்பதையே நிறுத்தியிருப்பாள்.

பூக்கடை அக்கா 98 ரூபாய் வீதம் ஏழு மாலைக்கு, "எழுநூறுல பதினாலு போக அறுநூத்தி எண்பத்தாறு" என்று வாயாலேயே பங்கீட்டுப் பண்பைப் போடுகிறார். அவருடைய மகளுக்கு அதே பண்பு புரியவில்லை என்றால், தமிழைத் திட்டாதீர்கள். நாளைக்கு வகுப்பில் 3 + 5-ஐ அழித்துவிட்டு, 3 − 5 என்று எழுதி ஆரம்பியுங்கள்.