அந்தத் தட்டுல எந்த எண்ணெயை ஊத்துறோம்?

போன எபிசோடில் செயற்கை விமான எரிபொருளைப் பத்திப் பேசும்போது, "டேங்கில் அப்படியே கலந்து ஊத்தலாம், எஞ்சினில் எதையும் மாத்த வேண்டாம்" என்று ரெண்டு மூணு தடவை சொல்லிட்டேன். ஒரு நேயர் எழுதியிருந்தார்: "எஞ்சினுக்குச் சரி. தீயணைக்கிறவங்களுக்கு?"

நியாயமான கேள்வி. ஏன்னா அவங்க கையில் இருக்கிற நுரையும் இதே சமயத்துலதான் மாறுது. 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய பழைய நுரையில் ஃப்ளூரின் சேர்மங்கள் உண்டு. எரியுற எண்ணெய் மேல ஒரு மெல்லிய நீர்ப்படலமா விரிஞ்சு, ஆவி வெளியே வராம அடைச்சிடும். தீயை அணைக்கிறதுல கில்லாடி. ஆனா அந்தச் சேர்மங்கள் எளிதில் அழியாது. இங்கே ஜெர்மனியில், டுசெல்டார்ஃப் விமான நிலையத்தைச் சுத்தி நிலத்தடி நீரில் கலந்திருக்கு. அதை விட்டொழிக்கணும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

புது நுரைக்கு அந்தப் படலம் கிடையாது, வெறும் குமிழிப் போர்வைதான். அது தாங்குமா கிழியுமா என்பது அடியில் இருக்கிற எண்ணெயைப் பொறுத்தது. 2020-ல் வெளிவந்த அமெரிக்கச் சோதனை முடிவுகளில், ஹெப்டேன் தீயை நல்லாவே சமாளிச்ச புது நுரைகள் பெட்ரோல் தீயிடம் திணறின.

பழைய சமையல் எண்ணெயிலிருந்து செய்யுற விமான எரிபொருளில் அரோமேட்டிக் சேர்மங்கள் கிட்டத்தட்ட இல்லை, அடர்த்தியும் குறைவு. புது நுரைக்கு இது சாதகமாகவே அமையலாம். ஆனா 'அமையலாம்' என்பதை நம்பி யாரையும் தீக்குள்ள அனுப்ப முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 'பி' நிலைச் சோதனையில் 4.5 சதுர மீட்டர் தட்டில் எரியுறது வழக்கமான மண்ணெண்ணெய்தான். 60 நொடிக்குள் அணையணும்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் சோதிக்கிறவன். ஒரே நாளில் ரெண்டு மாற்றத்தை லைவ்ல விட்டா எங்க மேனேஜர் கத்துவார். இங்கே விமான நிலையத்தில் ரெண்டும் ஒண்ணா நடக்குது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இந்த மாதிரி மாற்று எரிபொருளின் பங்கு 2025-ல் 2%, 2030-ல் 6%, 2050-ல் 70%. இப்போதைக்கு 50% வரைதான் கலக்கலாம். ஆனா 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 100% மாற்று எரிபொருளில் ஒரு விமானம் போயாச்சு.

அந்த 50% வரம்பைத் தூக்குறதுக்கு முன்னாடி, கலக்காத செயற்கை எரிபொருளைத் தட்டில் ஊத்திப் பத்த வைங்க. விற்பனைக்கு வர்ற ஒவ்வொரு நுரையையும் அதில் சோதிச்சு, முடிவைப் பொதுவில் போடுங்க. எஞ்சின் சோதனைக்கு ஆகுற செலவுக்கு முன்னாடி இது ஒரு செலவே இல்லை.

நம்ம நேயர்கள்ல யாராவது விமான நிலையத் தீயணைப்பில் இருந்தா, உங்க பயிற்சியில் என்ன எண்ணெயை எரிக்கிறீங்கன்னு எனக்கு எழுதுங்க.