நகரி மூக்கும் ஆர்மகான் விளக்கும்: திருப்பதி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் பிறந்தபோது பழைய நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் அதோடு சேர்ந்தது. ஏழுமலையானின் மாவட்டத்துக்கு அப்படித்தான் ஒரு கடற்கரை வாய்த்தது. ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரி, நேலபட்டு என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. வாகாடு மண்டலத்துத் துகராஜபட்டினம் என்றால் திருப்பதியிலேயே பலர் விழிக்கிறார்கள். அந்தக் கரைக்காகத்தான் இந்த மடல். தெலுங்கில் எழுதிய மனுவைத் தனியே அனுப்புகிறேன். இதைத் தமிழில் எழுதுவது, எல்லைக்கு இருபுறமும் வாழும் தமிழர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக.

அங்கே கப்பல் கட்டும் வளாகம் வரப்போவதாகப் பேச்சு நடக்கிறது. அது வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் முதல் ஜேசிபி இறங்குவதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதை அளந்து, படமெடுத்து, பதிவு செய்துவிடுங்கள். என் கோரிக்கை இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1611-இல் மசூலிப்பட்டினத்தில் கால் வைத்தது. தெற்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இலேயே கெல்டிரியா கோட்டையை எழுப்பி, வேறு யாரையும் அண்டவிடாமல் காத்து நின்றார்கள். அவர்களுக்கு வடக்கே, 1626 வாக்கில், துகராஜபட்டினத்தில் கம்பெனி ஒரு பண்டகசாலையைக் கட்டி அதைச் சுற்றி அரண் அமைத்தது. இடம் வாங்க உதவியவர் ஆறுமுக முதலியார் என்றும், அவர் பெயரே ஆர்மகான் ஆயிற்று என்றும் சொல்வார்கள். 1628-இல் பண்டகசாலையைச் சுற்றிப் பன்னிரண்டு பீரங்கிகள் நின்றதாகக் குறிப்பு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் அரண் கட்டிய முதல் இடம் இது. சென்னைக் கோட்டை அதற்கெல்லாம் பிறகு வந்தது.

அந்தச் சென்னைக் கதையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆர்மகானில் தலைமைப் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே, துணி வணிகம் சரிப்படாமல் தெற்கே வேறு இடம் தேடினார். 1639-இல் தாமல் வெங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசபட்டினத்துக்கு அனுமதி பெற்றார். 1640 பிப்ரவரியில் கம்பெனியின் ஆண்ட்ரூ கோகனும் அவரும் ஆர்மகானைக் காலி செய்துகொண்டு அங்கே போய் இறங்கினார்கள். அந்த நாயக்கருக்கு மேலே இருந்த விஜயநகர மன்னரின் தலைநகர் எது தெரியுமா? திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரி. சந்திரகிரிக் கோட்டையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. கதையின் மறுபாதியான துகராஜபட்டினத்துக்கு மட்டும் யாரும் போவதில்லை. இரண்டும் இன்று ஒரே ஆட்சியரின் கீழ் இருக்கின்றன. இதற்கு முன் இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததில்லை.

அங்கே போகிறவர் பாறை முனையையோ குன்றையோ எதிர்பார்க்கக் கூடாது. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, காளஹஸ்தியைத் தொட்டுக்கொண்டு வரும் சுவர்ணமுகி கடலில் கலக்கும் தாழ்ந்த நிலம் அது. மணல், சவுக்கு, பனை, பக்கிங்காம் கால்வாயின் அசையாத நீர். கப்பலில் வருகிறவனுக்குக் கரை எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. கரைக்கு வெளியே சில மைல் தூரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஆர்மகான் மணல்திட்டு கிடக்கிறது. திட்டுக்கு உள்ளே ஒதுங்கினால் கடல் அடங்கியிருக்கும். அதன்மேல் ஏறினால் கப்பல் போயிற்று. அதனால்தான் அந்தக் கரையிலுள்ள மோனபாலெத்தில் கலங்கரை விளக்கம் வந்தது. 1908-இல் வெளியான இம்பீரியல் கெசட்டியர் தொகுதி அந்தத் திட்டையும் விளக்கையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கணக்கு உண்டு. இத்தனை நொடிக்கு இத்தனை முறை வெட்டும் என்று மாலுமியின் கையேட்டில் இருக்கும். அவன் எண்ணிப் பார்த்து, இது பழவேற்காடு, இது ஆர்மகான் என்று தெரிந்துகொள்வான்.

பகலில்? இதை நான் பெருமையோடு சொல்வேன், ஏனென்றால் நான் நகரிக்காரன். எங்கள் ஊருக்குமேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பாறையைத்தான் சென்னையை நோக்கி வந்த கப்பல்கள் தேடின. கடலிலிருந்து அத்தனை தூரம் உள்ளே இருந்தும் அது தெரிந்தது. பழைய மாலுமிகளின் குறிப்புகளில் நகரி நோஸ் என்று இருப்பது அதுதான். சித்தூர் மாவட்டத்து மலை ஒன்று வங்கக் கடலுக்கு வழிகாட்டியாக நின்றதை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

துகராஜபட்டினக் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். பட்டபு சமூகத்தவர். வெளியே தெலுங்கு, வீட்டுக்குள் தமிழோடு ஒட்டிய அவர்களுடைய பேச்சு. மீன் படும் இடத்தை எப்படி நினைவு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் காட்டினார். முன்கை ஒரு பனைத் தோப்பு, பின்கை விளக்குக் கோபுரம். இரண்டும் ஒரே நேரில் வந்தால் அதுதான் இடம். "செல்போன்ல சார்ஜ் போயிடும் சார், விளக்கு போகாது" என்றார். கடல் தொழில் செய்கிறவர்களுக்கு அந்தக் கோபுரம் இன்றும் கருவிதான். வளாகம் கட்டும்போது உயரமான கட்டடங்கள் அந்தப் பார்வையை மறைக்குமா என்பதைத் திட்டத்தில் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அவர்களிடம் கேட்காமல் யாரும் இதை யோசிக்கப் போவதில்லை.

அந்த விளக்கைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடவும் கேட்கிறேன். அது மத்திய அரசுக்குச் சொந்தம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படித் திறப்பதைச் சட்டம் எளிதாக்கியிருக்கிறது. 1927-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-இன் கடல்வழி உதவிகள் சட்டத்தில், பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களை அறிவித்துக் கல்விக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்த வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் பிரதமர் 75 கலங்கரை விளக்கங்களைச் சுற்றுலாத் தலங்களாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். சென்னை மெரினாவில் மக்கள் லிஃப்டில் ஏறிக் கடலைப் பார்க்கிறார்கள். ஆர்மகானில் அவ்வளவு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், பள்ளிப் பிள்ளைகளுக்கு, காவலர் துணையோடு, அது போதும். கலங்கரை விளக்கங்களின் தலைமை இயக்குநருக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போனால் அதன் எடை வேறு.

சூளூர்பேட்டையில் நடக்கும் பூநாரைத் திருவிழாவுக்கு மாவட்ட நிர்வாகம் பேருந்து விடுகிறது, பந்தல் போடுகிறது. அந்த ஏற்பாட்டிலேயே ஒரு பேருந்தைத் துகராஜபட்டினத்துக்கும் திருப்பிவிடலாம். தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பலகை வைக்கலாம். பழைய பண்டகசாலை இருந்த இடத்தைக் கண்டறியத் தொல்லியல் துறையை அழைக்கலாம். செலவு அதிகமில்லை, ஆனால் நிலம் கைமாறுவதற்கு முன் நடக்க வேண்டும். சுவர் எழுந்தபின் தோண்ட முடியாது.

அளவை எடுக்கும் நாளை ஊர்ப் பஞ்சாயத்தில் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். எந்தத் திட்டு எங்கே, எந்த மேட்டில் பழைய செங்கல் தட்டுப்படுகிறது என்பதைக் காட்ட அந்த மீனவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. நகரியிலிருந்து நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
நகரி மலையடிவாரத்துத் தமிழர் ஒருவர்