கொலஸ்ட்ரால் டெஸ்டுக்குத் தயாராகாதீர்கள்!

"அடுத்த வாரம் கொலஸ்ட்ரால் டெஸ்ட் சார். அது முடிகிற வரைக்கும் வடை வேண்டாம்" என்றார் காலை நடைக்கு வரும் நண்பர். மகாமகக் குளத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வழக்கமாக நிற்கும் டீக்கடை வாசலில் நின்றிருந்தோம். சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக்கொண்டே குடித்தார். "டெஸ்ட் முடிந்ததும்?" என்று கேட்டேன். "முடிந்ததும் என்ன, பழையபடிதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷம் நானும் அதே வித்தையைச் செய்தவன். அதனால்தான் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். மார்ச் மாதக் கடைசி வாரம் கிளைகளில் என்ன நடக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தவர், உறவினர், அரிசி மண்டி முதலாளி என்று எல்லோர் காலிலும் விழுந்து டெபாசிட் வாங்குவோம். 31-ஆம் தேதி கணக்கில் கிளை ஜொலிக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தப் பணமெல்லாம் வந்த வழியே போய்விடும். இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். ரிசர்வ் வங்கி கண்டித்தும் இது லேசில் போகவில்லை. அந்தக் கணக்கை நம்பி மேலிடம் அடுத்த வருஷத்துக்கு இலக்கு வைக்கும். பிறகு நாங்கள் முழிப்போம்.

ஓய்வு பெற்ற பிறகு அதே ஜோடனையை என் ரத்தத்திலேயே செய்தேன். டாக்டர் ராத்திரிக்கு ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதியிருந்தார். முதல் வருஷம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்ததும் டெஸ்ட் நினைவு வரும். உடனே மாத்திரை டப்பாவைத் தேடுவேன். ஒன்றரை மாதம் மாத்திரை, ஓட்ஸ் கஞ்சி, பூண்டு, இரண்டு சுற்று நான்கு சுற்றாக ஆகும் நடை. எல்.டி.எல். 98 என்று வரும். டாக்டர் "வெரி குட்" என்பார். பிள்ளைக்கு வாட்ஸாப்பில் ரிப்போர்ட் போகும், அவன் கட்டைவிரலை உயர்த்துவான். ரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை எடுப்பதற்கு முன்பே நான் ஓட்டலில் நெய் ரோஸ்ட் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

குட்டு உடைந்தது ஒரு கண்புரை ஆபரேஷனால். அதற்கு முந்தைய பரிசோதனைகளோடு டாக்டர் கொலஸ்ட்ராலையும் சேர்த்து எழுதிவிட்டார். தயாராக அவகாசமில்லை. எல்.டி.எல். 171. டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், இதில் எது நீங்கள்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆடிட்டர் முன்னால் கூட அப்படி நின்றதில்லை.

விஷயம் இதுதான். இந்த மாத்திரை போடும்வரைதான் வேலை செய்யும். போட ஆரம்பித்து நான்கு முதல் ஆறு வாரத்தில் எல்.டி.எல். நன்றாக இறங்கிவிடும், நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ட்ரைகிளிசரைடு இன்னும் அவசரக்காரன். சில நாள் இனிப்பையும் எண்ணெயையும் நிறுத்தினாலே (பழக்கம் உள்ளவர்கள் பாட்டிலை மூடிவைத்தாலே) இறங்கிவிடும். ஆகவே டெஸ்டை ஏமாற்றுவது சுலபம். ஆனால் ரத்தக் குழாய்க்கு மார்ச் 31 கிடையாது. அது வருஷம் 365 நாளும் பேரேடு எழுதுகிறது.

என்னோடு நடந்த இன்னொரு நண்பரைச் சொல்கிறேன். வருஷாவருஷம் வரும் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைல் செய்து வைத்திருப்பார். எல்லாம் நல்ல ரிப்போர்ட். ஒரு விடியற்காலை நெஞ்சுவலி வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் மனைவி அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தார். "ரிப்போர்ட் நல்லா வந்ததும் மாத்திரையை நிறுத்திடுவாருங்க. அடுத்த டெஸ்ட் வரப்போதான் மறுபடி எடுப்பார்" என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் வலியே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் கண்ணை அவரே கட்டிவிட்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு பைத்தியக்காரத்தனம் பட்டினி. எட்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு, பன்னிரண்டு என்றால் பதினாறு. அதிகம் கிடந்தால் அதிக மார்க் வரும் என்று நினைப்பு! என் மனைவியே அந்தத் தப்பைச் செய்தாள். அவள் சுகர் பேஷன்ட். முன்தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு இட்லி. மறுநாள் லேபில் ஏகக் கூட்டம். கூப்பிடும்போது பத்தரை மணி. வழக்கம்போல் சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் வேறு போட்டிருக்கிறாள். "ஏங்க, கை நடுங்குது" என்றவள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். புடவையெல்லாம் வேர்வை. லேப் பெண் ஓடிவந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். அந்தப் பத்து நிமிஷம் என் ஆயுசில் ஒரு வருஷத்தைத் தின்றிருக்கும்.

இத்தனைக்கும் கொலஸ்ட்ராலுக்கு மட்டும் என்றால் பெரும்பாலோருக்குப் பட்டினியே அவசியமில்லை. டென்மார்க்கில் 2009 முதலே சாப்பிட்ட நிலையில்தான் எடுக்கிறார்கள். 2016-இல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் கூடி, வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி வேண்டியதில்லை என்றே சொல்லிவிட்டன. வழக்கமான சாப்பாடு எல்.டி.எல்.-ஐ அதிகம் மாற்றுவதில்லை. ட்ரைகிளிசரைடுதான் ஓரளவு ஏறும். அது 400-க்கு மேல் போனால் பட்டினியோடு மறுபடி பார்க்கச் சொல்வார்கள். காரணம், பல லேப்களில் எல்.டி.எல்.-ஐ நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மீதி எல்.டி.எல். ஃப்ரீட்வால்ட் என்பவர் 1972-இல் கொடுத்த சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதைக்கும்.

நம் வயசில் ஃபாஸ்டிங் சுகரும் சேர்த்தே எழுதுவார்கள் என்பதால் பட்டினி தப்பாது. சரி, இருங்கள். ஆனால் டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி வழக்கமான டிபனைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். காலையில் காபி கூடாது, தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். லேப் திறக்கும்போதே போய் நில்லுங்கள். சுகர் மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது, பி.பி. மாத்திரையை எப்போது போடுவது என்று முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள். பையில் நான்கு பிஸ்கட் இருக்கட்டும். ஜுரம் வந்து எழுந்த கையோடு போகாதீர்கள். உடம்பு தேறாத நேரத்தில் கொலஸ்ட்ரால் குறைவாகக் காட்டும். "மாத்திரை இல்லாமல் நிஜ நம்பரைப் பார்க்கிறேன்" என்று நிறுத்திவிட்டும் போகாதீர்கள். இதுவும் ஜோடனைதான், தலைகீழாக.

இவ்வளவுதான் தயாரிப்பு. மற்றபடி எப்போதும் இருப்பதுபோல் இருந்துவிட்டுப் போங்கள்.

"எழுபது வயசுக்கு மேல் வாயைக் கட்டி என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வடை சாப்பிட வேண்டுமா, சாப்பிடுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, தசை வலிக்கிறதா, டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம், வேண்டாமென்றே விட்டுவிடலாம். அதெல்லாம் உண்மை தெரிந்தபின் செய்யும் முடிவு. வடையைத் தின்றுவிட்டுத் தின்னாத ரத்தத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளா, மார்க் குறைந்தால் அப்பா அடிப்பாரே என்று பயப்பட?

அந்த 171-க்குப் பிறகு தினம் ராத்திரி மாத்திரை போடுகிறேன். நடை இரண்டு சுற்றுதான், வருஷம் முழுக்க. வாரத்துக்கு ஒரு வடை. போன டெஸ்டில் எல்.டி.எல். 112. டாக்டர் "வெரி குட்" சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் குறையணும், டோஸைக் கூட்டலாம்" என்றார். சரி என்றேன்.

டீக்கடை நண்பரிடமும் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அன்றைக்கு வடை சாப்பிடவில்லை. டெஸ்டுக்கு மறுநாள் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.