ஸ்பீக்கரா, சவுண்ட்பாரா? பெட்டியில் இருக்கும் வாட்ஸைப் பார்க்காதீங்க... உங்க வீட்டை அளந்து பாருங்க!

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு போனஸ் வந்திருக்கிறது. பட்ஜெட் 12,000 ரூபாய்.

``கேம் ஆட நல்ல ஸ்பீக்கர் வேணும்ப்பா. இந்த மானிட்டர் சவுண்ட்ல எவன் எந்தப் பக்கம் வர்றான்னே தெரியல’’ என்கிறான், கல்லூரி முதல் வருடம் படிக்கும் மகன்.

``அதுக்கு ஹால்ல ஒரு சவுண்ட்பார் வாங்கிட்டா எல்லாருக்கும் ஆகுமே. அத்தைக்கு சீரியல்ல என்ன பேசுறாங்கன்னே கேட்க மாட்டேங்குதாம்’’ என்கிறார் அம்மா.

அப்பா போனில் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். சவுண்ட்பாரோடு பெரிய வூஃபர். தள்ளுபடி போக 11,999 ரூபாய். கீழ் ஃப்ளாட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பது மட்டும் இந்தப் பேச்சில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று ஃப்ளாட் நிறைந்த எந்த ஏரியாவிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. பெரும்பாலும் ஜெயிப்பது `எல்லாருக்கும் ஆகும்’ என்கிற அந்தப் பெரிய பெட்டி. ஆனால், அது உண்மையிலேயே எல்லாருக்கும் ஆகுமா?

முதலில் இன்ச் டேப்பை எடுங்க!

ஸ்பீக்கரா, சவுண்ட்பாரா என்ற கேள்விக்கு பாதி பதிலை ஓர் இன்ச் டேப் சொல்லிவிடும். கேம் ஆடுபவரின் காதுக்கும் திரைக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

மேஜையில் கம்ப்யூட்டர் வைத்து ஆடுபவர் என்றால் இரண்டு, மூன்று அடிதான் இருக்கும். ஹாலில் டி.வி-யில் கன்சோல் மாட்டி, சோபாவில் சாய்ந்து ஆடுபவர் என்றால் எட்டு, ஒன்பது அடி இருக்கும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பொருள் பொருந்தாது.

காரணம், நம் காதுகள். ஒரு சத்தம் இடப்பக்கமிருந்து வந்தால், அது இடது காதுக்குக் கொஞ்சம் முன்னதாகவும் கொஞ்சம் பலமாகவும் கேட்கும். அந்த நேர வித்தியாசம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. ஆனாலும் மூளை அதை வைத்தே `எதிரி இடப்பக்கம்’ என்று கண்டுபிடித்துவிடுகிறது. வாலரண்ட், பி.ஜி.எம்.ஐ மாதிரியான ஆட்டங்களில் காலடிச் சத்தம் உயிர் காப்பது இப்படித்தான்.

இந்த வித்தியாசத்தைத் தர, இடது, வலது ஸ்பீக்கர்கள் தள்ளி இருக்க வேண்டும். மேஜையில் இரண்டு ஸ்பீக்கர்களையும் மூன்றடி இடைவெளியில் வைத்து, நீங்களும் மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் அது சமபக்க முக்கோணம். காதுக்குக் கிடைப்பது 60 டிகிரி விரிவு. அதே மூன்றடி நீள சவுண்ட்பாரை ஒன்பதடி தூரத்திலிருந்து கேட்டால் கிடைக்கும் விரிவு 20 டிகிரிக்கும் குறைவு. சில மாடல்கள் ஒலியைப் பக்கத்துச் சுவரில் மோதவிட்டு விரிவாகக் காட்ட முயலும். ஆனால், ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த கிச்சனுமாக இருக்கும் நம் ஹால்களில் அது பாதிதான் பலிக்கும்.

அப்படியானால் சவுண்ட்பார் வீணா? இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் ஒலி சரியாக அமையும். சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்து ஃபுட்பால் கேமோ, கார் ரேஸோ ஆடினால், ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும். சவுண்ட்பார் அங்கேதான் கைகொடுக்கிறது. நடுவில் தனி சேனல் உள்ள மாடல் என்றால், வசனம் திரையிலிருந்தே வருவதுபோல மூவருக்கும் கேட்கும்.

ஆக, தனியாக மேஜையில் ஆடினால் ஜோடி ஸ்பீக்கர். குடும்பமாக ஹாலில் ஆடினால் சவுண்ட்பார்.

ஒயர்தான் கெத்து

`எங்கிட்ட ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கே’ என்பவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர 200 மில்லி செகண்ட் வரை தாமதமாகலாம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 17 மில்லி செகண்ட். அதாவது, எதிரி சுட்டு 12 ஃபிரேம் ஆன பிறகுதான் உங்களுக்குத் துப்பாக்கிச் சத்தமே கேட்கும். பாட்டு கேட்க ப்ளூடூத் போதும், கேமுக்கு ஒயர்தான்.

எந்த ஒயர் என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் பழைய ஆப்டிகல் போர்ட் கிடையாது. ஹெச்.டி.எம்.ஐ வழியாக டி.வி-க்குப் போய், அங்கிருந்து சவுண்ட்பாருக்கு வருவதுதான் வழக்கமான பாதை. அதற்கு டி.வி-யின் பின்னால் ஏதாவது ஒரு ஹெச்.டி.எம்.ஐ போர்ட்டுக்குப் பக்கத்தில் `ஏ.ஆர்.சி’ அல்லது `இ-ஏ.ஆர்.சி’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டி.வி-யில் ஆப்டிகல் போர்ட்டாவது இருக்க வேண்டும். மாட்டிய பிறகு உதட்டசைவுக்கும் குரலுக்கும் பொருந்தவில்லை என்றால், செட்டிங்ஸில் `லிப் சிங்க்’ என்ற இடத்தில் சரிசெய்யலாம். டி.வி-யை `கேம் மோட்’-டில் வைக்கவும் மறக்க வேண்டாம்.

`10,000 வாட்ஸ்’ ரகசியம்

கடைக்காரர் அட்டைப்பெட்டியில் கைவைத்துக் காட்டும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். `பி.எம்.பி.ஓ’ என்று போட்டிருந்தால் அது கண நேரத்துக்குத் தாங்கும் அளவை வைத்து ஊதிச் சொல்லும் எண். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது `ஆர்.எம்.எஸ்’. அதை மட்டும் கேளுங்கள்.

அந்த ஆர்.எம்.எஸ் வாட்ஸும் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி பெட்ரூமில், மூன்றடி தூரத்தில் உட்காருபவருக்கு 20 வாட்ஸே தாராளம்.

2.1, 3.1.2 என்ற எண்களும் பலரைக் குழப்புகின்றன. முதல் எண், முன்னாலும் சுற்றிலும் இருக்கும் சேனல்கள். இரண்டாவது, வூஃபர். மூன்றாவது இருந்தால், மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள். சவுண்ட்பாரில் இவை கூரையில் பட்டுத் திரும்பி, மழையும் ஹெலிகாப்டரும் தலைக்கு மேலே கேட்பதுபோலச் செய்யும். கூரை சமமாக இருந்தால்தான் இது எடுபடும். அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்கில் மேடு பள்ளம் வைத்திருந்தால், அதற்குக் கொடுத்த காசு கூரையிலேயே நின்றுவிடும்.

சுவர் தடுக்காது!

இப்போது கீழ் ஃப்ளாட் குழந்தைக்கு வருவோம். பேச்சுக் குரலை, கதவையும் ஜன்னலையும் சாத்தி ஓரளவு தடுத்துவிடலாம். வூஃபரின் `டும் டும்’ அப்படி அடங்காது. தாழ்ந்த அதிர்வுகளை நாலரை இன்ச் சுவர் நிறுத்தாது; தரையில் வைத்த வூஃபரின் அதிர்வு கான்கிரீட் தளத்திலேயே இறங்கிக் கீழ் வீட்டுக்குப் போகும். குண்டு வெடிப்பது உங்களுக்கு த்ரில். கீழ் வீட்டில் அது தொட்டிலுக்கு மேலே கேட்கும் இடி.

சட்டமும் இதைப் பேசுகிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதுதான் வரம்பு. வீட்டில் வைத்திருக்கும் சவுண்ட் சிஸ்டமாக இருந்தாலும், வீட்டு எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

ஆடுபவரின் காதும் முக்கியம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சொல்லும் பாதுகாப்பான அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10 மணி நேரம். வீடியோ கேம்களுக்கென்றே தனி வழிமுறையையும் இந்த இரு அமைப்புகளும் 2025 மார்ச்சில் வெளியிட்டன. பல்லாவரம், பம்மல் போல விமானம் தாழப் பறக்கும் இடங்களிலும், ஜி.எஸ்.டி சாலையை ஒட்டிய வீடுகளிலும் வெளிச்சத்தத்தை ஜெயிக்க நம்மையறியாமல் வால்யூமை ஏற்றுவோம். விமானம் போன பிறகு அதைக் குறைக்க மறந்துவிடுவோம். கவனம்!

வூஃபர் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை மூலையில் வைக்க வேண்டாம். மூலை, பேஸைக் கூட்டும். அடியில் கனமான ரப்பர் மேட் போடுங்கள். ரிமோட்டில் `நைட் மோட்’ இருந்தால் பத்து மணிக்கு மேல் அதை ஆன் செய்யுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அடைமழை நாளில் முதலில் பரண் ஏற வேண்டியது, தரையில் உட்கார்ந்திருக்கும் அந்த வூஃபர்தான்.

கேட்டுப் பார்த்து வாங்குங்க

தாம்பரம், குரோம்பேட்டை ஷோரூம்களிலேயே நிறைய மாடல்கள் கிடைக்கின்றன. பல கடைகளை ஒரே நடையில் பார்க்க ஆசைப்பட்டால் ரிச்சி ஸ்ட்ரீட். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வருபவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் பக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் பட்ஜெட் விலையில் இரண்டு வகையும் விற்கின்றன.

கடையில் அவர்கள் போடும் அதிரடிப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் ஆடும் கேமின் ஒரு நிமிட வீடியோவையும் ஒரு சீரியல் காட்சியையும் போனில் எடுத்துப்போய் ஓடவிடுங்கள். வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்துக் கேளுங்கள்; வீட்டில் அவ்வளவுதான் வைக்கப்போகிறீர்கள். பில்லும் வாரன்டி விவரமும் கையில் இருக்கட்டும். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாட்டிக்கு என்ன வேணும்?

சேலையூர் ஃப்ளாட்டுக்குத் திரும்புவோம். மகன் ஆடுவது பெட்ரூம் மேஜையில். ஹாலில் வைக்கும் சவுண்ட்பார் அவனுக்குப் பயன்படாது. பாட்டிக்கு?

வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற, உச்சஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன். க, ச, த போன்ற வல்லின எழுத்துகளைத் தெளிவாக்குவது அந்த ஒலிகள்தான். அதனால்தான் `சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல’ என்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய வூஃபரை வைத்தால், அதன் உறுமலில் இருக்கிற வசனமும் அமுங்கும். பாட்டிக்குத் தேவை வசனத்தைத் தூக்கிக்காட்டும் வசதியுள்ள, வூஃபர் இல்லாத சின்ன சவுண்ட்பார். அதற்கும் முன்னால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு ஆடியோகிராம். பிரச்னை டி.வி-யிலா, காதிலா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். காதில் என்றால், எந்த சவுண்ட்பாரும் அதற்கு மருந்தாகாது.

ஆக, 11,999 ரூபாய்ப் பெட்டி மகனுக்கும் ஆகாது, பாட்டிக்கும் ஆகாது, கீழ் வீட்டுக் குழந்தைக்கு நிச்சயமாக ஆகாது. அதே 12,000-க்குள் மகனுக்கு ஒயர் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர், பத்து மணிக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு ஒயர் ஹெட்போன், மருத்துவர் பார்த்த பிறகு தேவைப்பட்டால் பாட்டிக்கு அந்தச் சின்ன சவுண்ட்பார் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் முதல் நாள் இரவு ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமான வால்யூமில் கேமை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கீழ் மாடிப் படிக்கட்டில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அங்கே என்ன கேட்கிறதோ, அதுதான் உங்கள் சவுண்ட் சிஸ்டத்தைப் பற்றி அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வரப்போகும் விமர்சனம்.